தரையில் துரு, உடைந்தது கண்ணாடி

தரையில் துருப்பிடித்ததற்காகக் காரின் முன்கண்ணாடியை உடைத்த ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் சொந்தக்காரர்களில் யாராவது உங்களைத் தேடி வந்து சொல்லிவிடுவார்கள். (அவர்கள் சொல்லும்போது கண்ணாடியோடு சேர்த்து இரண்டு கதவுகளையும் உடைத்திருப்பேன்.)

நான் தர ஆய்வாளர். திருச்சிக்குப் பக்கத்தில், இரும்புத் தகடுகளை வெட்டி வளைத்து வெல்டிங் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அடுத்தவர் செய்த வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறதா, பெயின்ட் சரியான கனத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் கடமை. இருபத்தாறு வயதில் ஒருவர் கையில் ஒரு கட்டு சிவப்பு ஸ்டிக்கரைக் கொடுத்தால் என்ன ஆகுமோ, அது எனக்கும் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்தால் இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். எதைச் செய்தாலும் முதலில் பட்டியல். பட்டியலில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று நம்பிய காலம்.

கார் அப்பாவுடையது. அம்பாசிடர். அறந்தாங்கி ஸ்டாண்டில் இருபத்தைந்து வருடம் வாடகைக்கு ஓடியது. அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, ஆவுடையார்கோவில் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் புங்கமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் அதற்கு ஒரே சவாரிதான். செவ்வாய், வியாழன், சனி, அப்பாவை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கு டயாலிசிஸ் போய் வருவது. சனிக்கிழமைகளில் நான் ஓட்டுவேன். மற்ற நாட்களில் ஓர் ஆக்டிங் டிரைவர். வேறு வண்டியில் போகலாம் என்று யாராவது சொன்னால் அப்பா, "நம்ம வண்டி இருக்கைல எதுக்கு?" என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். அப்பாவுக்கு டாக்டர் கொடுத்த தண்ணீர்க் கணக்கு அவ்வளவுதான். காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அம்மா காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைப்பாள். நான் ஒரு அட்டவணை போட்டு அடுக்களைக் கதவில் ஒட்டியிருந்தேன். நேரம், பானம், மில்லி, மீதம் என்று நான்கு பத்தி. ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வாங்கி வந்ததும் நான்தான். ஒரு மனிதரின் தாகத்துக்குக் கட்டம் போட்டுக் கலர் அடித்துக் கொடுத்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என்னவோ போலிருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டதும் அப்பா காரில் போய் உட்கார்ந்துகொள்வார். ஸ்டீயரிங் முன்னால் அல்ல, பக்கத்து இருக்கையில். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எஃப்எம் கேட்பார். ஏன் என்று கேட்டால், "வண்டியச் சும்மா போட்டா பேட்டரி எறங்கிரும்" என்பார். அந்த ஒரு மணி நேரம் அம்மாவும் தூங்குவாள். யாருக்கும் தொந்தரவில்லாத ஏற்பாடு.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, அப்பா காரிலிருந்து இறங்கக் காலை ஊன்றியபோது, மிதியடியோடு தரையும் ஒரு விரற்கடை கீழே போனது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே போட்டிருந்த சணல் விரிப்பு மக்கி, தரைத் தகடு அப்பளமாகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மறுபக்கம் புங்கமரத்தின் சருகு தெரிந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அப்பாவின் வியாதியில் நான் சரிசெய்யக்கூடியது எதுவுமே இருக்கவில்லை. இதைச் சரிசெய்யலாம்.

லீவு போட்டேன். பட்டியல் போட்டேன். இருக்கைகளைக் கழற்றி வெளியே வைத்து, தரை முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டேன். நல்ல தகடு டங்கென்று சொல்லும், செத்த தகடு டப்பென்று சொல்லும். செத்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டேன். அறந்தாங்கியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் சேவியர் அண்ணன் வந்து அவற்றை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார். மிச்சமெல்லாம் என் கை. கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, தின்னரால் துடைத்து, தேய்த்தும் போகாத துருவின் மேல் அதைக் கறுப்பாக்கிக் கட்டிப்போடும் மருந்தை அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அப்புறம் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், தகடுகள் சேரும் இடங்களில் சீலர், மேலே சாம்பல் நிற பெயின்ட் இரண்டு கோட். எதிலும் அவசரப்படவில்லை. கம்பெனியில் செய்தால்கூட அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். (மாட்டார்கள். எனக்குத் தெரியும். நான்தான் அங்கே ஆய்வாளர்.)

அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

"நம்ம வீட்டுத் தரையவிட நல்லாருக்கேத்தா" என்றார்.

தேர்ச்சி பெற்றதற்கான பச்சை ஸ்டிக்கர் ஒன்றைக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். (கம்பெனிச் சொத்துதான். மன்னிக்கவும்.)

வைகாசியில் அந்தத் தரை கொப்புளம் போட்டது.

முன்னால் இடதுபக்கம், அப்பா உட்காரும் இருக்கைக்கு எதிரே, ஓரமாக. பெயின்ட் உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். அமுங்கியது, திரும்ப எழும்பவில்லை. கீறிப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு. அந்த வருடம் கோடை மழைகூட ஏமாற்றியிருந்தது. குளத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊரில் ஈரமாக இருந்த ஒரே இடம் எங்கள் காரின் தரைதான்.

சேவியர் அண்ணன் வந்து குனிந்து பார்த்தார்.

"பெயின்ட்டுல குத்தம் இல்ல தங்கச்சி. எங்கிட்டிருந்தோ தண்ணி உள்ள போகுது. அதக் கண்டுபிடிக்காம நீ தங்கத்துல தகடு அடிச்சாலும் நிக்காது."

அது சரியான தொழில்நுட்பக் கருத்து. துருவுக்கு மருந்து போடுவது பாதி வேலை, தண்ணீர் வரும் வழியை அடைப்பது மீதி வேலை. உடனே பட்டியல் போட்டேன். முன்கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், பானெட்டுக்கு அடியில் காற்று வரும் மூடி, வைப்பர் தண்டு, கூரை விளிம்பு, இப்படி எட்டு சந்தேக நபர்கள்.

முதலில் ஹோஸ் சோதனை. அம்மா வெளியே நின்று காரின் மேல் தண்ணீர் பீய்ச்சினாள். உள்ளே உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்ல அப்பாவை நியமித்தேன். அரை மணி நேரம் அடித்தும் அப்பா உள்ளிருந்து, "ஒரு சொட்டு வரலத்தா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்து கோலமாவு சோதனை. சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வீடு வந்ததும், காரின் தரையில் கோலமாவை மெல்லிசாகச் சலித்துத் தூவினேன். தண்ணீர் ஓடிவந்தால் தடம் விழும் அல்லவா?

"அப்பா, இதுல கால வச்சிராதீங்க."

"வைக்கலத்தா" என்றார். டயாலிசிஸ் களைப்போடு மத்தியானம் காரில் ஏறி, இரண்டு கால்களையும் டேஷ்போர்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு எஃப்எம் கேட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மாவில் ஈரமாக ஒரு வட்டம். சுத்தமான வட்டம். டேப் வைத்து அளந்தேன். குறுக்கே ஒன்பது சென்டிமீட்டர். "முன்கண்ணாடியின் இடது மூலையிலிருந்து சொட்டும் நீர், தரையின் லேசான பள்ளத்தில் வட்டமாகத் தேங்குகிறது" என்று எழுதினேன். அளவு துல்லியம். கையெழுத்தும் அழகு.

அன்றைக்கே அம்மா இன்னொரு புகாரும் சொன்னாள். "இந்த வண்டி மாதிரி தண்ணி குடிக்கிற வண்டிய நான் பாத்ததே இல்லடி. முந்தாநேத்துதான் கேன ரொப்பி வச்சேன், காலியாக் கெடக்கு."

அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் டிக்கியில் ரேடியேட்டருக்கென்று ஒரு கேன் தண்ணீர் வைத்திருப்பார்கள். எங்கள் வண்டியிலும் உண்டு. அப்பாவால் தூக்க முடியாததால் அம்மாதான் மோட்டாரடியில் நிரப்பிக் கொண்டுபோய் வைப்பாள். நான் ரேடியேட்டரையும் குழாய்களையும் சோதித்தேன். எங்கும் கசிவில்லை. ஆகவே என் நோட்டில் இடதுபக்கம் "தண்ணீர் காணாமல் போகிறது: காரணம் தெரியவில்லை" என்றும், வலதுபக்கம் "தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது: முன்கண்ணாடி" என்றும் இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டிருந்தேன், இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்கண்ணாடியைக் கழற்ற முடிவு செய்தேன்.

சேவியர் அண்ணன் ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். "ரப்பர அறுத்துட்டுக் கழட்டுனா அலுங்காம வந்துரும் தங்கச்சி" என்றார்.

"அறுக்கக் கூடாதுண்ணே. ரப்பர்லதான் குறை. அத முழுசா எடுத்து எங்க கிழிஞ்சிருக்குன்னு பாக்கணும்."

"அது முப்பது வருச ரப்பரு. கல்லாட்டம் இருக்கு."

"மெதுவாத் தள்ளலாம்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு முறை எழுந்தார். "விட்ரு பாப்பா, துருதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சேவியர் அண்ணன் திரும்பிப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். தரத்தில் சமரசம் கிடையாது என்பதை அப்பாவுக்கு ஒரு நிமிடம் விளக்கினேன். அவர் தலையாட்டினார். தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

நான் உள்ளே மல்லாந்து படுத்து, கண்ணாடியின் மூலையில் இரண்டு பாதங்களையும் பதித்தேன். வெளியே சேவியர் அண்ணன் பிடித்துக்கொள்ளத் தயாராகக் கைகளை விரித்து நின்றார். பட்டியலின்படி, மெதுவாக, ஒரே சீராகத் தள்ளினேன்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மளிகைக் கடையில் கற்கண்டு மூட்டையைக் கவிழ்த்த மாதிரி சரசரவென்று கேட்டது. கண்ணைத் திறந்தபோது என் பாதங்கள் வெளியே வெயிலில் இருந்தன. சேவியர் அண்ணன் அதே மாதிரி கைகளை விரித்தபடி, வெள்ளைச் சட்டை முழுக்கக் கண்ணாடிக் கற்களோடு நின்றிருந்தார். ரப்பர் மட்டும் சட்டத்தில் முழுசாக இருந்தது. ஓர் இடத்திலும் கிழிசல் இல்லை.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து பார்த்தாள். "செவ்வாக்கெழம எதுல போறது?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அந்த மாடலுக்குக் கண்ணாடி கிடைக்கப் பத்து நாளாகும் என்றார்கள். ஆக்டிங் டிரைவர், "கண்ணாடி இல்லாத வண்டிய நான் ஓட்ட மாட்டேங்க" என்று போனை வைத்துவிட்டார். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நானே இருந்துகொண்டேன். புதன்கிழமை பெரிய முகூர்த்தம். ஊரில் இருந்த வாடகைக் கார்கள் எல்லாம் முதல் நாளே கல்யாணங்களுக்குப் போய்விட்டன. வருகிறேன் என்று சொன்ன ஒரே கார் செவ்வாய்க்கிழமை காலையில் வரவில்லை. டயாலிசிஸ் மையத்தில் ஏழரைக்கு அப்பாவின் முறை. தவறினால் அடுத்த முறை எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில்தான் இடைவெளி அதிகம், உடம்பில் தண்ணீர் அதிகம் சேர்வதும் அப்போதுதான். தள்ளிப்போட முடியாது.

ஆகவே ஐம்பது கிலோமீட்டரை அப்பாவும் நானும் முன்கண்ணாடி இல்லாத அம்பாசிடரில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனோம். அம்மா வாசல்வரை வந்து எங்களைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாளா, சிரித்தாளா என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சரியாகத் தெரியவில்லை.

கண்ணாடி இல்லாத காரில் காற்று முகத்தில் அடிப்பதோடு நிற்காது, உள்ளே புகுந்து வெளியே போக வழியில்லாமல் சுற்றும். வழியில் இருந்த வைக்கோல், தூசி, பூச்சி எல்லாம் எங்களோடு சேர்ந்து பயணம் செய்தன. பஸ்களின் ஜன்னல்களிலிருந்து செல்போன்கள் நீண்டன. அறந்தாங்கி எல்லையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"கண்ணாடி எங்கம்மா?"

"கழட்டுறப்ப ஒடஞ்சிருச்சு சார்."

"எதுக்குக் கழட்டுனீங்க?"

"தரையில துரு சார்."

அவர் தரையை எட்டிப் பார்த்தார். கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார். சர்வீஸில் அவருக்கு இப்படி ஒரு வழக்கு வந்திருக்காது.

"டயாலிசிஸ் சார். ஏழரைக்குப் போகணும்" என்றார் அப்பா, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"போங்கய்யா. ஹெல்மெட்டக் கழட்டிராதீங்க" என்றார் அவர்.

அறந்தாங்கி தாண்டியதும் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காற்று அதிகம் அடிக்கிறது என்று வேகத்தைக் குறைத்தேன். குறைத்தும் வாங்கியது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். அவர் முகம் வீங்கியிருந்தது. ஹெல்மெட் அழுத்தியதால் என்று அதற்கும் ஒரு காரணம் எழுதிக்கொண்டேன், மனதுக்குள்.

மையத்தில் முதல் வேலை எடை பார்ப்பது. அப்பா ஏறி நின்றார். சிஸ்டர் எண்ணைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"என்னங்கய்யா, மூணு நாள்ல அஞ்சு கிலோ ஏறியிருக்கு? எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். "வாய்ப்பே இல்ல சிஸ்டர். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். சார்ட் இருக்கு" என்று செல்போனில் இருந்த அட்டவணையின் படத்தைக் காட்டினேன். நான்கு பத்திகளும் நிரம்பியிருந்தன. மீதம் என்ற பத்தியில் எல்லா நாளும் சுழி.

"அப்ப மெஷின் தப்பா?" என்றார் சிஸ்டர்.

இதற்கு மேல் நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த எடை மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அதற்கான ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டேன். குனிந்து அடியில் தேடினேன். ஸ்டிக்கர் இருந்தது, நாளும் சரியாக இருந்தது. நம்பாமல் நானே ஏறி நின்றேன். என் எடை வழக்கம்போலவே இருந்தது. வரிசையில் காத்திருந்த ஒரு பெரியவர், "நானும் ஏறிப் பாக்கவாம்மா, ஒனக்குத் திருப்தியா இருக்கும்ல?" என்றார்.

சிஸ்டர் அப்பாவை உட்காரவைத்து, வேட்டியை விலக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தார். அமுங்கிய இடம் அமுங்கியபடியே இருந்தது. எழும்பவில்லை.

"பாத்தீங்களா? எங்கருந்தோ தண்ணி உள்ள போகுதும்மா. நெஞ்சுல கோத்துக்கிட்டா ஆளத் தூக்கிரும். நீங்க எஞ்சினியர்ங்கிறாங்க, நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுழலும் மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரை மெஷினில் இணைத்த பிறகு நான் கீழே இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா நிரப்பி வைத்த கேனில் கால்வாசி இருந்தது. ஸ்டெப்னி டயருக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி, ஒரு சின்ன எவர்சில்வர் செம்பு. அதன் அடியில் சாம்பல் நிற பெயின்ட் ஒட்டியிருந்தது. தினமும் ஈரத்தோடு வைத்து வைத்து எடுத்ததில் என் இரண்டு கோட் பெயின்ட்டையும் பிரைமரையும் தேய்த்துவிட்டிருந்தது. பையில் டேப் இருந்தது. செம்பின் அடியை அளந்தேன். ஒன்பது சென்டிமீட்டர்.

அளக்காமல் இருந்திருக்கலாம்.

மேலே போய் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரேடியேட்டர் கேன்ல கால்வாசிதான் இருக்குப்பா."

"வண்டி பழசுல்ல" என்றார்.

நான் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"கண்ணாடியக் கழட்டுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் எந்திரிச்சேன். சேவியரு நின்னான்." அப்புறம், "நீ பாட்டுக்கு எட்டுப் பாயின்ட்டு எழுதியிருந்த. அதுல நான் இல்லையேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. "இன்னைக்கு வழியில மூச்சு வாங்குச்சே, அதுக்கு இதுதாம்ப்பா காரணம். செத்துப்போயிருவீங்கப்பா" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை.

"தெரியும்த்தா." கண்ணை மூடிக்கொண்டார். "அஞ்சாறு மாசமா வாயெல்லாம் மணலு. அந்த ஒரு செம்பு குடிச்சாத்தான் மனுசனாட்டம் இருக்கு. ஒங்கம்மாட்டச் சொல்லிருவியா?"

அவர் பயந்தது அதற்குத்தான். முக்கால் லிட்டரை மூன்று வேளைக்கும் பிரித்து, தான் குடிக்கும்போது அவர் கண்ணில் படாமல் அடுக்களைக்குள் போய்க் குடித்துவந்தவள் அம்மா. அவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

"காரணம் கண்டறியப்படவில்லைன்னு எழுதிக்கிறேன்" என்றேன்.

அப்பா சிரித்தார். சிரித்ததில் ஊசி குத்தியிருந்த கை அசைந்து மெஷின் அலாரம் அடித்தது. சிஸ்டர் ஓடிவந்து எங்கள் இருவரையும் திட்டினார்.

அதன் பிறகு நான் கேனை அப்புறப்படுத்தினேன். ரேடியேட்டருக்குக் கூலன்ட் ஊற்றிவிட்டதால் இனித் தண்ணீர் தேவையில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். முக்கால் லிட்டருக்குள்ளேயே கொஞ்சத்தை ஐஸ் கட்டிகளாக்கி, மத்தியானம் காரில் உட்காரும்போது வாயில் அடக்கிக்கொள்ள இரண்டு கட்டி என்று அட்டவணையைத் திருத்தினேன். தரையை மறுபடி சுரண்டி, மருந்து போட்டு, பிரைமரும் பெயின்ட்டும் அடித்தேன். முன்கண்ணாடி பதினைந்தாம் நாள் வந்தது. அப்பாவின் எடை பெரும்பாலும் கட்டுக்குள் இருந்தது. பெரும்பாலும் என்றுதான் எழுத முடியும்.

ஆனால் வீட்டாருக்கு ஒரு காரணம் வேண்டுமே. கண்ணாடியில் ஒழுகவில்லை, ரப்பரில் கிழிசல் இல்லை, எட்டுப் பாயின்ட்டில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் எதற்கு உடைத்தாள்? சும்மா உடைத்தாள். படித்த திமிர். கதை அப்படித்தான் ஊருக்குள் போனது. அதை எல்லோரையும்விட நன்றாகச் சொன்னவர் அப்பா. டயாலிசிஸ் மையத்தில், கல்யாண வீடுகளில், என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, "இல்லாத ஒழுகலத் தேடிக் கண்ணாடிய ஒடச்சவ எம்மவ" என்று ஆரம்பித்து, நான் மல்லாந்து படுத்ததை நடித்தே காட்டுவார். சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு தடவை என்னைப் பார்ப்பார். நான் எழுந்துபோய்க் காபி கொண்டுவருவேன்.

போன வருடம் தை மாதம் அப்பா இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. அந்தச் சில மாதச் செம்புத் தண்ணீர் இதற்குக் காரணமாக இருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார். என் தொழிலில் அப்படி ஒரு பதிலை ஏற்க மாட்டோம். ஏற்றுக்கொண்டேன். காரின் தரை அதன் பிறகு துருப்பிடிக்கவே இல்லை. மாதம் ஒரு முறை மிதியடியைத் தூக்கிப் பார்க்கிறேன். காய்ந்து, சுத்தமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் கிடக்கிறது. என் வேலை தேறிவிட்டது.

இந்தத் தையில் முதல் திவசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டு முடித்து, வெற்றிலை போடும்போது, கண்ணாடிக் கதையைத்தான் சொல்லிச் சிரித்தார்கள். எல்லோரும் போன பிறகு அம்மாவும் நானும் பாத்திரம் கழுவினோம். அப்போது சொல்லிவிட்டேன். கேன், செம்பு, வட்டம், எல்லாம்.

அம்மா கழுவுவதை நிறுத்தவில்லை. ஒரு அண்டாவை முழுவதும் தேய்த்து முடித்தாள்.

"டிக்கில கெடந்த தண்ணியவா குடிச்சாரு?"

"ஆமா."

"வெயில்ல நின்ன வண்டி. வெந்நியாட்டம்ல இருந்திருக்கும்" என்றாள். "வாயில வைக்க முடியாதே."

எத்தனை நாள் என்று கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை.

மறுநாள் அடுக்களைக் குழாய் சொட்டுகிறது என்று பிளம்பர் வந்தார். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் என்ன பிரச்சினை என்று பார்க்கலாமே என்று பக்கத்தில் போனேன். அம்மா என்னைக் கையால் தடுத்து நிறுத்தி, பிளம்பரிடம், "தம்பி, நீங்களே பாருங்க. இவ ஒழுகலத் தேடுனான்னா மொதல்ல ஜன்னல் கண்ணாடியத்தான் ஒடைப்பா" என்றாள். பிளம்பர் புரியாமல் சிரித்தார். அம்மா அவருக்கு முழுக்கதையையும் சொன்னாள். அப்பா சொல்வது மாதிரியே, நடுவில் எதையும் மாற்றாமல், கடைசிவரை சொன்னாள்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போய்க் காபி போட்டேன்.